புதரும் மோப்பமும்

நாயைப் பற்றித் தமிழர் கொண்ட எண்ணம் இருதலைப்பட்டது. வசைமொழியில் அதற்கு இடமுண்டு. நன்றிக்கு உவமை தேடுங்காலும் அதுவே முதலில் நினைவுக்கு வருகிறது. தன்னை ஓம்பியவனையே கொன்றுவிடும் யானையைக் காட்டிலும், தலைவனின் வேலால் காயமுற்ற நிலையிலும் அவனிடம் அன்பு காட்டும் நாயின் நட்பே கொள்ளத்தக்கது என்பது நாலடியார் தரும் அறிவுரை. எனினும், இழிவும் நன்றியும் ஆகிய இவ்விரண்டிற்கும் அப்பால் நாய்க்கு மூன்றாவதாக ஒரு பண்பு உண்டு. மனிதனின் கண் எட்டாத இடத்துள் தன் மூக்கை மட்டுமே நம்பிப் புகுந்து தேடும் துணிவே அது. அத்துணிவை வளர்ப்பதும், அதற்கு ஓர் எல்லை வகுத்துக் கொடுப்பதும் வேட்டைநாய்ப் பயிற்சியின் இரு பாதிகளாகும். முதற்பாதி எளிது. இரண்டாம் பாதியே பயிற்றுபவனைச் சோதிப்பது.

புதரைக் கலைக்கும் நாய் தமிழிலக்கியத்திற்குப் புதியதன்று. ஞமலி, ஞாளி, சுணங்கன் எனப் பல பெயர்களால் நாயை வழங்கிய பண்டைத் தமிழர், அதன் தொழிலையும் நன்கறிந்திருந்தனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, முயல் வேட்டையைக் காட்சியாக்குகிறது. வேட்டுவர் வலைகளை வேலிபோலத் தொடுத்து மாட்டி, நாய்களுடன் பசும்புதர்களை அடித்துக் கலைத்து, தப்பும் வழியின்றி முயல்களை வளைத்துக் கொள்கின்றனர். நாயின் வேலை இங்கே கொல்லுதல் அன்று, மறைந்திருப்பதை வெளிப்படுத்துதல். இதே வேலைக்காகவே ஐரோப்பாவில் ஸ்பானியல் என்னும் நாயினம் வளர்க்கப்பட்டது. துப்பாக்கி பரவுமுன் அந்நாய்கள் பறவைகளை எழுப்பி வலைக்கும் வல்லூறுக்கும் இரையாக்கின. ஸ்பெயின் நாட்டின் பெயரோடு தொடர்புடையது எனக் கருதப்படும் அப்பெயரின்கீழ்ப் பின்னர்ப் பல பிரிவுகள் தோன்றின. இரையைத் துள்ளி எழச் செய்வது ஸ்பிரிங்கர் எனப்பட்டது. காட்டுக்கோட்டான் என்னும் பறவையின் ஆங்கிலப் பெயரையொட்டிக் கொக்கர் என்ற பெயர் எழுந்தது. ஆங்கில ஸ்பிரிங்கரைத் தனி இனமாக இங்கிலாந்தின் நாயினக் கழகம் ஏற்றுக்கொண்டது 1902ஆம் ஆண்டிலாகும். ஒன்றையொன்று அறியாத இரு நிலங்கள், ஒரே தேவைக்கு ஒரே துணையை நாடின என்பதே இங்குக் கருதத்தக்கது.

ஆங்கிலேயத் துரைமாரோடு மலைநாட்டுப் பங்களாக்களுக்கு வந்து சேர்ந்த இந்நாய்கள், கண்டியைச் சூழ்ந்த சரிவுகளில் எதிர்கொண்ட புதர் இங்கிலாந்தின் வேலிப்புதரினும் கொடியது. அப்புதரின் வரலாறும் விந்தையானது. இன்று அந்தனை மலைச்சாரலிலும், கைவிடப்பட்ட தோட்டக் காணிகளிலும், பாதையோரங்களிலும் பின்னிப் படர்ந்திருக்கும் நாயுண்ணிச் செடி இம்மண்ணுக்குரியதன்று. அமெரிக்க வெப்பமண்டலத்தைத் தாயகமாகக் கொண்ட அது, 1826இல் பேராதனைத் தாவரப் பூங்காவின் வழியாக அழகுச் செடியாக இலங்கைக்குள் வந்தது. பறவைகள் அதன் பழத்தைத் தின்று விதையைப் பரப்பின. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பிப் பயிரை அழித்தபோது, பாழ்பட்ட நிலங்களில் புதர் தழைத்தது. சிங்களத்தில் ‘கந்தபான’ எனப்படும் இச்செடியின் தண்டில் முள். கசங்கிய இலையில் கடும் நெடி. பூங்காவில் பேணப்பட்ட செடி நாட்டில் முட்காடாயிற்று. இதனோடு ஆளுயரக் கினிப்புல்லும், கூரிய விளிம்புடைய மானாப்புல்லும், பன்னச் செடிகளும் சேர்ந்தால் மனிதனின் கண் இரண்டடிக்கு அப்பால் பயனற்றதாகி விடுகிறது. மழைக்காலத்தில் அட்டை; வெயிற்காலத்தில் உண்ணி; இருள் கவிந்தால் நாயையே இரையாக்கும் சிறுத்தை. நீண்ட செவியும் அடர்ந்த மயிரும் உடைய ஸ்பானியலுக்கு இவையனைத்தும் பகையே. ஆயினும் காட்டுக்கோழி இருப்பது இப்புதருள்ளேதான். அது எளிதிற் பறப்பதில்லை; புதரடியில் ஓடி ஓடியே தப்ப முயல்வது. அதன் காலடி மணத்தைத் தொடர்ந்து சென்று அதனைப் பறக்கச் செய்ய நாயால் அன்றி இயலாது.

இத்தகைய புதருள் ஓர் இளநாய் எவ்வாறு விரும்பிப் புகும்? ‘எடுத்துவிட்ட நாய் முயல் பிடிக்குமா?’ என்று நாட்டு வழக்கு கேட்கும் கேள்வியிலேயே விடையும் அடங்கியுள்ளது. தூக்கிப் புதருள் எறியப்பட்ட நாய் வேட்டையாடுவதில்லை. பயிற்சி, ஆறு மாதம் நிரம்பாத பருவத்தில் கணுக்கால் அளவுள்ள புல்லிலேயே தொடங்குகிறது. துணிப்பந்து ஒன்று புல்லில் மறைத்து வைக்கப்படும். காற்று பந்திலிருந்து நாயை நோக்கி வீசும் வகையில் பயிற்றுபவன் நின்றுகொள்வான். பந்தைக் கண்ணால் தேடித் தோற்ற நாய், தற்செயலாக மூக்கை உயர்த்தும். மணம் வந்து தாக்கும். ஓடிச்சென்று பந்தைக் கவ்வும். மனிதனின் நாசியில் மணம் உணரும் உயிரணுக்கள் ஏறத்தாழ 50 இலட்சம் என்றால், நாயின் நாசியில் அவை 20 கோடிக்கும் மேற்பட்டவை. அச்செல்வம் தன்னிடம் இருப்பதை நாய் தானே கண்டுகொள்ளும் அந்தக் கணமே முதற்பாடம். பின்னர்ப் பந்து புதரின் விளிம்பிற்குச் செல்லும், அடுத்து ஓரடி உள்ளே, அதன்பின் இரண்டடி. மென்மையான பன்னத்திலிருந்து மானாப்புல்லுக்கும், அதிலிருந்து முட்செடிக்கும் நாய் படிப்படியாகவே கொண்டுசெல்லப்படும். முள்ளை அறியுமுன் மணத்தை அறிந்த நாய், முள்ளைப் பொருட்படுத்துவதில்லை. மணத்தை அறியுமுன் முள்ளை அறிந்த நாயோ, வாழ்நாள் முழுதும் புதரின் விளிம்பைச் சுற்றியே ஓடிக்கொண்டிருக்கும்.

முதிர்ந்த நாய் ஒன்றைத் துணையாக விட்டால் இளநாய் விரைவில் கற்றுக்கொள்ளும் என்பது பலரின் எண்ணம். அதில் உண்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. இரண்டொரு நாள் மூத்ததன் துணிவைக் கண்டு இளையது புதருள் நுழையும். அத்துணை நீடித்தால், இளநாய் தன் மூக்கை விடுத்து மூத்ததன் வாலைத் தொடரத் தொடங்கும். பக்கத்து மாணவனின் விடைத்தாளைப் பார்த்தெழுதும் மாணவன் தேர்வில் தேறலாம், கற்றவன் ஆவதில்லை.

புகும் துணிவு வந்தபின் எல்லை வகுக்கப்படுகிறது. உழவன் சால் திருப்புவதுபோல, இடமும் வலமுமாக மாறிமாறிக் காற்றை எதிர்த்து நிலத்தைத் துழாவ நாய் பழக வேண்டும். மனிதனிடமிருந்து 20 அல்லது 25 யாருக்கு அப்பால் செல்லலாகாது. அதற்கு அப்பால் எழும் பறவை துப்பாக்கிக்கு எட்டாது. விசிலின் இரு குறும் ஒலிகள் ‘திரும்பு’ என்பதற்கும், ஒரு நீண்ட ஒலி ‘அமர்’ என்பதற்கும் அடையாளமாகும். இவற்றுள் கடினமானது அமர்தலே. பறவை கண்முன்னே சிறகடித்து எழும் கணத்தில், துரத்த வேண்டும் என்று நரம்பெல்லாம் துடிக்கையில், அந்நாய் இருந்த இடத்திலேயே அமர வேண்டும். துரத்தினால் குண்டு அதன்மீதே பாயக்கூடும்; அல்லது அது தொலைவிலுள்ள இரையையும் கலைத்துவிடும். இப்பாடத்தைப் புதருள் கற்பிக்க இயலாது. புதருள் மனிதனின் கையும் செல்லாது, கண்ணும் செல்லாது. ஆதலின் உணவுத் தட்டின் முன்னும், எறிந்த பந்தின் முன்னும், வெட்டவெளியில் விடப்பட்ட புறாவின் முன்னும் பலநூறு முறை அது கற்பிக்கப்படுகிறது. வெளியில் கற்றது உள்ளே நிலைக்கிறதா என்பதைப் புதரே தீர்மானிக்கும். கண்காணிப்பின்கீழ் மட்டும் நிற்கும் ஒழுக்கம் இங்கே செல்லாது.

பயிற்சி பெறுவது நாய் மட்டுமன்று. புதரின் மேற்கொழுந்து அசையும் விதத்திலிருந்து நாய் எங்கே செல்கிறது, விரைகிறதா, தயங்குகிறதா என்பதை மனிதன் படித்தறிய வேண்டும். வெறும் புதரென அவன் கருதிய இடத்தில் நாய் விடாப்பிடியாக நின்றால், அதனை அழைத்துவிடும் ஆசையை அடக்க வேண்டும். அடிக்கடி அவ்வாறு அழைக்கப்பட்ட நாய், மூக்கைக் கேட்பதை விடுத்துத் தலைவனின் முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்கிறது. இவ்வாறு கெட்ட நாய் வேட்டைக்கு மட்டுமன்றி வேறு பணிகளுக்கும் ஆகாது என்பதைக் கண்டிக்கு அருகிலுள்ள மற்றோர் இடம் உணர்த்தும்.

அவ்விடத்தை நோக்குமுன், மலைநாட்டு வேட்டையின் மற்றொரு மரபையும் அதன் முடிவையும் கருதுதல் வேண்டும். 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், மரைகளை நாய்க்கூட்டத்தால் துரத்தி, ஓடைகளில் மடக்கி, கத்தியால் கொன்ற கதைகளை 1854இல் நூலாக வெளியிட்டார். அங்கே நாயின் வேலை பிடித்து நிறுத்துதல். ஸ்பானியலின் அடக்கத்திற்கு முற்றிலும் மாறானது. அந்நூலில் ஸ்மட், கில்பக், பிரான் என நாய்களுக்குப் பெயருண்டு, குணநலன் உண்டு, இறந்தபோது இரங்கலும் உண்டு. ஆனால், அக்காலத்து வேட்டை நூல்களில் நாய்களோடு காட்டில் ஓடியவரும், அவற்றுக்குச் சோறிட்டவரும் பெரும்பாலும் பெயரின்றியே வந்து போகின்றனர். பிற்காலத் தோட்டங்களிலும் பங்களா நாயின் செவியில் உண்ணி பிடுங்கி, காலில் முள் அகற்றி, அட்டைக்கடியில் உப்பும் சாம்பலும் தடவியவர் லயத்து மனிதரே. நாய் எந்தக் குரலுக்குத் திரும்பும் என்பதை அறிந்தவரும் அவரே. விசில் துரையின் கழுத்தில் தொங்கியது. பயிற்சியோ அவருடைய பொறுமையில் நிகழ்ந்தது. அக்கலையை அவர் எழுதிவைக்கவில்லை. அவரைப் பற்றி எழுதியவருமிலர்.

அந்த வேட்டை இன்று இல்லை. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் காட்டுயிர்களுக்குக் காப்பாயின. கண்டி மன்னரின் அரண்மனைக்குப் பின்னுள்ள உடவத்தகலே 1938இல் சரணாலயமாயிற்று. காட்டுக்கோழி நாட்டின் தேசியப் பறவையாயிற்று. அதனைச் சுடுவது குற்றம். ஆனால் புதருக்கென உருவாக்கப்பட்ட நாயின் திறமை வீணாகவில்லை. கண்டி நகரின் அஸ்கிரியவில், 1948இல் தொடங்கப்பட்ட பொலிஸ் நாய்கள் பிரிவு உள்ளது. அங்குப் பணிக்கெனப் பழக்கப்படும் நாய்களுள் ஸ்பானியலும் ஒன்று. நாயுண்ணிப் புதருக்குப் பதிலாகப் பயணப்பெட்டியும் வாகனமும் கட்டடமும். காட்டுக்கோழிக்குப் பதிலாக வெடிமருந்தும் போதைப்பொருளும். பரிசாக அதே பந்து. அமர்தல் என்னும் பழைய பாடமே இங்கும் உயிர்நிலையாகிறது. வெடிமருந்தைக் கண்ட நாய் அதனைக் கீறவோ கவ்வவோ கூடாது. அசையாது அமர்ந்து அறிவிக்க வேண்டும். பறவை எழும்போது அமரக் கற்றதன் வழித்தோன்றல், வெடிகுண்டின் முன் அமர்ந்து மனித உயிரைக் காக்கிறது. பல பத்தாண்டுகள் வெடிச்சத்தத்தோடு வாழ்ந்த ஒரு நாட்டில் அதன் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை.

மூக்கை விடுத்து முகத்தைப் பார்க்கும் நாயின் கேடு பெரிதாவதும் இத்தகைய பணியிலேதான். அமெரிக்காவில் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதனை நன்கு காட்டியது. நாயும் அதனை நடத்துபவரும் சேர்ந்த 18 இணைகள், எப்பொருளும் மறைக்கப்படாத அறைகளைச் சோதித்தன. பொருள் உண்டென்று நடத்துபவரிடம் முன்கூட்டியே கூறப்பட்டிருந்தது. சில இடங்கள் தாளால் அடையாளமிடப்பட்டும் இருந்தன. ஒன்றுமில்லாத அவ்வறைகளில், கண்டுபிடித்ததாகப் பல அறிவிப்புகள் வந்தன. தாள் ஒட்டிய இடங்களிலேயே அவை மிகுந்தன. ஐயம் நாயின் மூக்கில் எழவில்லை. மனிதனின் மனத்தில் எழுந்தது. வேட்டையில் இத்தவற்றால் ஒரு பறவை தப்பும். சோதனைச் சாவடியில் குற்றமற்ற ஒருவர் அகப்படுவார்.

ஆதலால், இளநாயைப் பழக்குபவன் தன்னிடமே முதலில் அடக்கத்தை எதிர்பார்க்க வேண்டியவனாகிறான். நாயின் மூக்கு அறிவது அவனால் அறிய இயலாதது. தனக்கில்லாத ஓர் ஆற்றலைப் பிறிதோர் உயிரில் வளர்த்தெடுத்து, அது தன் எதிர்பார்ப்புக்கு மாறாகப் பேசும்போதும் அதனை நம்புதலே அவன் தொழில். புதரின் வெளியே நிற்பவனுக்கு விசில் ஒன்றே உரியது. உள்ளே நிகழும் தேடல் நாய்க்கே உரியது. அவ்வெல்லையை மதிப்பவனிடமே அது தான் கண்டதைக் கண்டவாறே கொண்டுவந்து சேர்க்கும்.