இறங்கி நடக்கத் தெரிந்த சவாரிக்காரர்

குதிரைப் பந்தயச் செய்திகளைப் பல ஆண்டுகள் பத்திரிகைக்காகச் செம்மைப்படுத்தியவன் நான். சில நிமிடங்களில் முடிந்துவிடும் அப்பந்தயங்களில் சவாரிக்காரர் குதிரையை விட்டு இறங்கினால் அது விபத்து. ஆனால் அவர் தாமாகவே இறங்கி நடப்பதைத் திறமையாக மதிக்கும் போட்டி ஒன்றும் உண்டு. அதுவே நெடுந்தூரக் குதிரைச் சவாரி.

இவற்றுள் புகழ்பெற்றது கலிபோர்னியாவின் டெவிஸ் கிண்ணச் சவாரி. வென்டெல் ரொபி என்பவர் 1955இல் தொடக்கி வைத்தது. சியரா நெவாடா மலைத்தொடரைக் கடந்து ஒபேர்ன் நகர்வரை 100 மைல்கள். அவகாசம் 24 மணித்தியாலங்கள். வழியில் மிருக வைத்தியர்கள் நாடித்துடிப்பையும் நடையையும் சோதிப்பார்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும் குதிரையின் இதயம் ஏற்றத்தில் பன்மடங்கு வேகம் கொள்கிறது. அது குறித்த எல்லைக்கு இறங்காவிட்டால், நொண்டினால், பயணம் அங்கேயே முடிந்துவிடும். ஆகவே அனுபவசாலிகள் சோதனை நிலையத்தை நெருங்கும்போதே இறங்கி, குதிரையைக் கையில் பிடித்து நடத்தி வருகிறார்கள்.

இதற்கான கருவிகள் எளியவை. தலைப்பட்டையும் கடிவாளமும் இணைந்த ஓர் அமைப்பு முதலாவது. வாயிலுள்ள இரும்பைத் தனியே கழற்றிவிடலாம். குதிரை தண்ணீர் குடிக்கும், புல் மேயும். நடத்திச் செல்லும் கயிற்றைத் தலைப்பட்டையில்தான் பூட்டவேண்டும். கடிவாளத்தில் பூட்டி இழுத்தால் வாய் புண்ணாகும். 10 அல்லது 12 அடிக் கயிறு போதும். அதைக் கையில் சுற்றிக்கொள்வது மட்டும் கூடவே கூடாது. குதிரை மிரண்டு பாய்ந்தால் விரல்கள் போய்விடும். சவாரிக்காரருக்கு ஓடுவதற்கேற்ற சப்பாத்து வேண்டும். அதன் பாதம் அங்கவடிக்குள் நழுவிச் சிக்காதிருக்க, அங்கவடியின் முன்புறத்தில் சிறு கூடு பொருத்துவார்கள்.

பயிற்சிதான் கடினமானது. மலைச்சரிவின் ஒற்றையடிப் பாதையில் இருவர் சமமாக நடக்க இடமில்லை. முன்னே செல்பவரின் குதிகாலை மிதிக்காமல் குதிரை இடைவெளிவிட்டுப் பின்தொடர வேண்டும். அவர் நின்றால் நிற்கவேண்டும். ஒரு சொல்லுக்குப் பின்வாங்க வேண்டும். இவையெல்லாம் வீட்டு முற்றத்தில், சமதரையில், நாள்தோறும் சிறிது சிறிதாகப் பழக்கப்படுபவை. செங்குத்தான ஏற்றத்தில் வரிசை மாறுகிறது. குதிரை முன்னே ஏற, மனிதர் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னே ஏறுகிறார். உதைக்கக்கூடிய கால்களுக்குப் பின்னால் நடப்பதற்கு எத்தனை நம்பிக்கை வேண்டும்! இறக்கத்திலும் இறங்கி நடப்பதே நல்லது. சமதரையில் நிற்கும்போதே உடற்பாரத்தில் ஏறத்தாழ 60 வீதத்தை முன்னங்கால்கள்தாம் தாங்குகின்றன. சரிவில் அது மேலும் கூடும்.

கோர்டன் எயின்ஸ்லி என்ற சவாரிக்காரரின் குதிரை 1973ஆம் ஆண்டுப் போட்டியில் நொண்டியதால் அவர் விலக நேர்ந்தது. அடுத்த ஆண்டு அவர் குதிரையே இல்லாமல் அதே பாதையை 23 மணி 42 நிமிடங்களில் ஓடி முடித்தார். இன்று உலகறிந்த 100 மைல் மலையோட்டப் போட்டி ஒன்று அதிலிருந்துதான் பிறந்தது.

குதிரைக்குப் பேச வாயில்லை. களைப்பை அது சொல்வதற்கு முன் அறிவதற்கு, அது நடக்கும் மண்ணில் நாமும் நடந்து பார்ப்பதைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.