வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஒரு மொறிஸ் மைனர்

ஏ9 வீதியில் வவுனியாவிலிருந்து கிளிநொச்சி சுமார் 75 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. வீதி திருத்தப்பட்ட பிறகு பஸ்ஸில் ஏறினால் ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்தில் வந்துவிடலாம். ஒரு காருக்கோ இந்தத் தூரத்தைக் கடக்க 18 வருடங்கள் எடுத்தன. அதை ஏற்றிவரப் போன நால்வரில் நானும் ஒருத்தி. காருக்குரிய அக்கா, அவரின் மகள், அக்காவின் பெறாமகனான சாரதித் தம்பி ஆகியோர் மற்ற மூவர். அக்காவின் விருப்பப்படி இங்கே பெயர் எதையும் குறிப்பிடவில்லை.

கார் ஒரு மொறிஸ் மைனர். இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை செய்யப்பட்ட இந்தச் சிறிய கார், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜைப் போலவே எங்கள் பகுதிகளில் நெடுங்காலம் ஓடியது. 1990இல் பெற்றோல் தடைப்பட்ட பின்னர் இந்தப் பழைய கார்களே கைகொடுத்தன. கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பிப்பார்கள். அது சூடாகியதும் மண்ணெண்ணெயில் ஓடும். பின்னால் வரும் புகையையும் மணத்தையும் அந்தக் காலத்தில் வாழ்ந்த எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அக்காவின் மாமனார் இதை வாடகைக்கு ஓடினார். ஊரில் பிள்ளைப்பேறு, பாம்புக்கடி எதுவானாலும் இந்தக் கார்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். 2003இல் மகள் பிறந்தபோது அக்காவும் இதிலேதான் போனார்.

இலக்கத்தகடு ‘ஸ்ரீ’ எழுத்துள்ளது. 1958இல் இந்த எழுத்துக்குத் தமிழ்ப் பகுதிகளில் தார் பூசினார்கள். இப்போது அதே தகடு இருப்பதனால் காருக்கு விலை கூட என்கிறார் தரகர்!

2006 ஆடி மாதம் இயந்திர வேலைக்காகக் காரை வவுனியாவுக்குக் கொண்டுபோனவர் அக்காவின் கணவர். இரண்டு கிழமையில் வந்து எடுப்பதாகச் சொல்லி, உறவினர் வளவில் விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினார். ஆவணி 11ஆம் திகதி முகமாலையில் சண்டை தொடங்கியதோடு ஏ9 பாதை மூடப்பட்டது. ஓமந்தையிலும் பயணம் இறுகியது. இந்தப் பக்கமும் பாஸ், அந்தப் பக்கமும் பாஸ். ஒரு காருக்காக யார் அலைவது? ‘பாதை திறக்கட்டும்’ என்றார் கணவர். 2009 சித்திரையில் புதுமாத்தளனில் சனம் இரண்டாகப் பிரிந்தபோது அக்காவும் மகளும் ஒரு பக்கம், அவர் மறுபக்கம். அதற்குப் பிறகு அவரைப் பற்றித் தகவல் இல்லை.

அக்கா மெனிக் பாம் முகாமில் இருந்தபோது கார் ஒரு மணித்தியாலப் பயணத் தூரத்தில்தான் நின்றது. அந்த வருடம் மார்கழி வரை முகாமை விட்டு வெளியே போக அனுமதி இல்லை. அனுமதி கிடைத்த பின்னர் முதலில் கணவரைத் தேடினார், பிறகு குடியிருக்க இடம் தேடினார். கார் மாமரத்தின் கீழே நின்றது.

கடந்த 2024இல் அந்த வளவு விலைப்பட்டது. காரை எடுக்கவேண்டும், அல்லது விற்கவேண்டும். 2020 பங்குனியில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 மாசியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட அந்தக் காலத்தில் பழைய இரும்புக்கும் கிராக்கி. தரகர் ஒருவர் கிளிநொச்சிக்கே வந்தார். பதிவுப் புத்தகம் கணவரின் பெயரில் இருப்பதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்:

“தங்கச்சி, மரணச் சான்றிதழ் ஒண்டு எடுத்தால் பேர் மாத்திறது லேசு. காசைக் கையில தாறன்.”

“ஒரு காருக்காக அந்த மனுசன் செத்துப்போச்சுது எண்டு நான் கையெழுத்து வைக்கிறதோ?” என்று கேட்டு அவரை அனுப்பிவிட்டார் அக்கா.

இந்த இடத்தில் வாசகிகள் சிலருக்கு மனம் நோகக்கூடும். 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மரணச் சான்றிதழ் எடுத்த பெண்கள் பலரை எனக்குத் தெரியும். நட்டஈடு, பிள்ளையின் படிப்பு, காணி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. அவர்கள் கணவரைக் கைவிட்டார்கள் என்று பேசுபவர்கள் அந்த வீட்டு அடுப்பை ஒரு நாளாவது எரித்துப் பார்க்கவேண்டும். 2016இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, இறந்தவர் என்று பதியாமல் ‘காணாமற்போனவர்’ என்ற சான்றிதழைப் பெற வழி வந்தது. அக்கா எடுத்தது அதைத்தான். காணி விடயம் இன்னும் சிக்கலானது. தேசவழமைக்குட்பட்ட திருமணமான பெண், தன் சொந்தக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் இல்லாதவிடத்து மாவட்ட நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம். காணாமற்போனவரின் மனைவி வருடக்கணக்காகக் கந்தோர்களுக்கு நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கார் அசையும் சொத்து. ஆனாலும் புத்தகத்தில் கணவரின் பெயர். ஆகவே விற்பதில்லை, வீட்டுக்குக் கொண்டுவருவது என்று அக்கா முடிவெடுத்தார்.

எப்படிக் கொண்டுவருவது? கயிறு கட்டி இழுக்கலாம் என்றார்கள். பிறேக் இல்லாத காரைக் கயிற்றில் இழுத்தால், முன்னுக்குப் போகிற வாகனம் நிற்க, பின்னுக்கு வருவது நிற்காது. கார் ஏற்றும் லொறியைக் கொழும்பிலிருந்து பிடிப்பது எங்கள் கைக்கு எட்டாது. தம்பியிடம் மரக்கறி ஏற்றும் டபிள்கப் ஒன்று இருந்தது. வவுனியாவில் கார் ஏற்றும் நாலு சில்லு ட்ரெயிலர் நாள் வாடகைக்குக் கிடைத்தது.

வாடகைக் கடைக்காரர் அக்காவைப் பார்க்காமல் தம்பியுடனேயே பேசினார். “ஆம்பிளையள் வேற ஒருத்தரும் வரேல்லையோ?” என்றும் கேட்டார். அக்கா அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்து, “வாடகைக்கு எடுக்கிறது நான்தான், எங்க கையெழுத்து?” என்றார். அதற்குப் பிறகு கடைக்காரர் மரியாதையாகவே நடந்துகொண்டார் என்பதையும் சொல்லவேண்டும். ட்ரெயிலரின் ரயர், பின்விளக்கு எல்லாவற்றையும் எங்களுக்கு முன்னால் சரிபார்த்துத் தந்தார்.

காருக்குள் அணில் கூடு கட்டியிருந்தது. ஒரு பக்கத் தரை கறள் பிடித்து உதிர்ந்து, அதனூடாகப் புல் வளர்ந்திருந்தது. கழற்றிய இயந்திரப் பாகங்கள் ஒரு உரப்பையில் அப்படியே பத்திரமாக இருந்தன. அந்த உறவினரின் நேர்மையை என்னவென்பது! பின்சில்லு இரண்டும் இறுகிப்போயிருந்தன. தம்பி பிறேக் உருளைக்கு மண்ணெண்ணெய் விட்டு, மரக்குற்றியை வைத்துத் தட்டித் தட்டி இளக்க இரண்டு மணித்தியாலம் போனது. ரயர்களுக்குக் காற்றடித்தோம். மூன்று தாங்கின. நாலாவதற்குப் பழைய ரயர் ஒன்று வாங்கினோம்.

ஏற்றும்போதுதான் எனக்கு ஆச்சரியம். இந்தத் தம்பிக்கு 2009இல் பதினைந்து வயது. தகப்பன் காயப்பட்டிருந்ததால் பரந்தனிலிருந்து தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம் என்று உழவு இயந்திரத்தை ஓட்டிப்போனவர் அவர்தான். பெட்டி நிறைய மூன்று குடும்பத்துச் சாமான்; அதன் மேல் கூரைத்தகரம், அதற்கு மேல் கிழவிகளும் பிள்ளைகளும்.

“பாரம் பின்னுக்குப் போச்சுதெண்டால் பெட்டி எங்களை ஆட்டும் மிஸ். முன்னுக்குக் கனக்க இருந்தால் ரக்ரரின்ர மூக்குத் தூக்கும். இது அந்த நேரம் படிச்சது” என்றார்.

ட்ரெயிலருக்கும் அதே கணக்குத்தான். காரும் ட்ரெயிலரும் சேர்ந்த பாரத்தில் பத்திலொரு பங்கு, அல்லது சற்றுக் கூட, வாகனத்தின் கொழுக்கியில் இருக்கவேண்டும். மொறிஸ் மைனர் 800 கிலோவுக்குள் வரும். ட்ரெயிலரோடு ஒன்றேகால், ஒன்றரைத் தொன் என்று வைத்தால், கொழுக்கியில் வளர்ந்தவர்கள் இருவர் ஏறி நிற்கும் பாரம். காரின் இயந்திரம் முன்னால் இருப்பதனால் முகம் முன்னோக்க ஏற்றி, அச்சுக்கு மேல் சற்று முன்தள்ளி நிறுத்தினோம். கை வின்ச்சினால் அங்குலம் அங்குலமாக இழுக்க, அயல்வீட்டுப் பெண்கள் பின்னால் குற்றி வைத்துக்கொண்டே வந்தார்கள். பட்டிகளை பம்பரில் கட்டக்கூடாது, அது கழன்றுவிடும். நான்கு மூலையிலும் அச்சோடு சேர்த்துக் கட்டவேண்டும். கொழுக்கிக்குக் கீழே இரண்டு சங்கிலியைக் குறுக்காக மாட்டவேண்டும். கொழுக்கி விட்டாலும் ட்ரெயிலர் சங்கிலியில் தாங்கும். இவ்வளவையும் எழுதக் காரணம், நெல்மூட்டையோ தண்ணீர்த்தாங்கியோ லாண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றும் சகோதரிகளுக்கும் இது பொருந்தும் என்பதால்தான்.

பிற்பகல் 2 மணிக்குப் புறப்பட்டோம். தாண்டிக்குளம் கழிந்ததும் நிறுத்திப் பட்டிகளை மறுபடி இறுக்கினோம். முதல் சில கிலோமீற்றரில் அவை தளர்வது வழமையாம். ஓமந்தையில் சோதனைச்சாவடி நின்ற இடம் வெளித்துக் கிடக்கிறது. 2015இல் அதை அகற்றினார்கள். முன்பு அந்த வரிசையில் பையைத் திறந்து காட்டி நின்ற பெண்கள் எத்தனை பேர்! மகளுக்கு அது ஞாபகமில்லை. அவள் திரும்பித் திரும்பிக் காரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மணிக்கு 45 கிலோமீற்றருக்கு மேல் தம்பி போகவில்லை. புளியங்குளத்துக்கும் கனகராயன்குளத்துக்கும் இடையில் யாழ்ப்பாண பஸ் ஒன்று முந்தியபோது அந்தக் காற்றில் ட்ரெயிலர் ஒருமுறை வாலை ஆட்டியது. அந்த நேரத்தில் பிறேக்கை அழுத்தினால் ஆட்டம் கூடும். தம்பி காலை மெதுவாக எடுத்து வேகத்தைத் தானாகக் குறையவிட்டார். அக்கா அதுவரை கண்ணை மூடியே இருந்தார்.

மாங்குளத்துக்குக் கிட்டப் பொலிசார் மறித்தார்கள். சிங்களத்தில் நான் விளக்கினேன். புத்தகத்திலுள்ள பெயருக்குரியவர் எங்கே என்று அந்த அலுவலர் கேட்டார். அக்கா சான்றிதழைக் கொடுத்தார். அவர் அதை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் ட்ரெயிலரின் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, கார் விற்கவா என்று கேட்டார். “இல்லை” என்பதை அக்கா சிங்களத்திலேயே சொன்னார்.

முறிகண்டியில் நிற்காத வாகனம் உண்டா? இரண்டு வாகனத்துக்கு இரண்டு தேங்காய் என்று அக்கா வாங்கினார். ஒன்றைத் தம்பி உடைத்தார், மற்றதை மகள் உடைத்தாள். கச்சான் கடைக்கார அம்மா ஒருவர் ட்ரெயிலரைச் சுற்றிவந்து பார்த்து, “எங்கட அப்புவும் இப்பிடி ஒண்டு வச்சிருந்தவர். இடம்பெயரேக்க விட்டிட்டு வந்தது” என்று சொல்லி ஒரு சுருள் கச்சானைக் கூடவே போட்டுத் தந்தார். 2009க்குப் பின் முள்ளிவாய்க்கால் பக்கம் குவிந்து கிடந்த வாகனங்களைப் பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது விளங்கும். எங்கள் சனம் விட்டுவந்த வாகனங்களில் திரும்பி வந்தவை மிகச் சில.

வீட்டுக்குப் போகும் உள்வீதி கிரவல். படலையால் ட்ரெயிலர் நுழையவில்லை. பின்பக்கமாக விடுவதென்றால், ட்ரெயிலர் போகவேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் சுக்கானைத் திருப்பவேண்டும். தம்பி மூன்று முறை முயன்றுவிட்டு, ஒழுங்கையிலேயே காரை இறக்குவோம் என்றார். பொழுது பட்டுவிட்டது. அயலிலிருந்து பெண்கள் வந்தார்கள். அந்த ஒழுங்கையில் ஆறு வீடுகளில் நாலு பெண் தலைமைத்துவக் குடும்பங்கள். மகளைச் சுக்கானில் இருத்தி, வின்ச்சைத் தளரவிட்டுக் காரை இறக்கி, எல்லோருமாகப் படலைக்குள்ளே தள்ளினோம். “நேர பிடி பிள்ளை, நேர பிடி!” என்று கத்தியவர்களில் எவருக்கும் கார் ஓட்டத் தெரியாது.

ட்ரெயிலரை மறுநாள் காலையில் திருப்பிக் கொடுக்கவேண்டும். கையெழுத்திட்டவரே வந்தால்தான் பிணைப்பணம் என்பதால் அக்காவும் வந்தார். வெறும் ட்ரெயிலர் பள்ளத்துக்குப் பள்ளம் துள்ளிச் சத்தம்போட்டது. கடைக்காரர் சங்கிலியையும் பட்டிகளையும் எண்ணிப் பார்த்துப் பணத்தைத் தந்தார். அதில் பிறேக் எண்ணெய் இரண்டு போத்தலும், கொட்டில் போடும்வரை காரை மூட ஒரு தறப்பாளும் வாங்கினோம். என்ன நிறம் வேண்டும் என்று கடைப்பிள்ளை கேட்டாள். முகாம் கூடாரங்களின் வெள்ளை மட்டும் வேண்டாம் என்றார் அக்கா. பச்சையில் ஒன்றை மடித்துக் கட்டித் தந்தாள்.