வடக்குப்பட்டு: 12,000 வருஷ ஷிஃப்ட்!

ஆறு மணி ஷிஃப்டுக்குப் போகிறவனுக்கு ஊர்ப் பலகைகள் கண்ணில் படாது. கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் தலை ஜன்னலில் சாயும், வாய் லேசாகத் திறக்கும். ஒரகடம் வந்ததும் யாராவது தோளைத் தட்டினால்தான் உயிர் வரும். பதினோரு வருஷம் நானும் அப்படித்தான் போய் வந்தேன். பக்கத்தில் வடக்குப்பட்டு என்று ஒரு கிராமம் இருப்பதே எனக்குத் தெரியாது.

தெரிய வைத்தது எட்டு பீஸ் ரிஜெக்‌ஷன்.

நான் டூல் ரூம் ஆசாமி. இரும்பைத் துளைக்கிற பஞ்ச், வடிவம் கொடுக்கிற டை, இவைதான் என் உலகம். ஒரு சனிக்கிழமை எட்டு பஞ்ச் அளவு தவறிப்போயின. தலைமுடி கனத்தைவிடக் குறைவான தவறுதான். ஆனால் சூப்பர்வைசர் பார்த்த பார்வையில் இரும்பே உருகியிருக்கும். "திங்கட்கிழமை எழுத்து மூலமா விளக்கம் வேணும்" என்றார். கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற மாசம் வேறு. வயிற்றில் புளி கரைந்தது.

பக்கத்து மிஷின் நண்பர்தான் ஆறுதல் சொன்னார். "விடுங்க. இந்தப் பக்கம் 12,000 வருஷத்துக்கு முன்னாடியே டூல் ரூம் இருந்திருக்கு. அவங்களுக்கும் ரிஜெக்‌ஷன் வந்திருக்கும்!"

கிண்டல் என்று நினைத்தேன். நிஜம்!

2022-ல் இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்டத்தினர் வடக்குப்பட்டில் அகழாய்வு செய்தார்கள். கிடைத்தவை கற்கருவிகள். கைக்கோடாரி, சுரண்டி, வெட்டுக்கருவி என்று பல தினுசு. வயது சுமார் 12,000 வருஷம் என்றார்கள். யாரோ போகிற வழியில் தவறவிட்ட கல் இல்லை. உட்கார்ந்து கருவி செய்த இடம். அதாவது, தொழிற்கூடம்!

ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்தேன்.

"ஏங்க, லீவு நாள்லயும் கம்பெனிப் பக்கமா?" என்றாள் மனைவி.

"கம்பெனி இல்லை, அதுக்குப் பக்கத்துல" என்றேன். நம்பவில்லை.

தாம்பரத்திலிருந்து முடிச்சூர், படப்பை வழியாக ஒரகடம். விழித்துக்கொண்டு போனால் ரோடு வேறு மாதிரி இருக்கிறது! நாற்சந்தியைச் சுற்றி எங்கே பார்த்தாலும் காம்பவுண்டுச் சுவர். ரெனோ-நிசான் தொழிற்சாலை வந்தது 2010-ல். 2012-ல் பாரத்பென்ஸ் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு. அந்தப் பக்கம் ஸ்ரீபெரும்புதூர், 1017-ல் ராமானுஜர் பிறந்த ஊர். ஆயிரம் வருஷப் பெருமையே போதும் என்று அந்த ஊர் உட்கார்ந்திருக்க, வடக்குப்பட்டோ அதற்கு மேல் 11,000 வருஷத்தை மண்ணுக்குள் ஒளித்து வைத்திருந்திருக்கிறது.

மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பியதும் சத்தம் அடங்கியது. பனைமரம், வயல், எருமை. தூரத்தில் தகரக் கூரைகள் வெயிலில் மின்னின. ஒரு மரத்தடியில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பைக்கை நிறுத்தினேன்.

"நிலம் பார்க்க வந்தீங்களா தம்பி?" என்றார், நான் வாய் திறப்பதற்கு முன்பே.

"இல்லைங்க ஐயா, தோண்டின இடத்தைப் பார்க்க."

ஏற இறங்கப் பார்த்தார். "இங்க பைக்ல வர்றவங்க எல்லாம் புரோக்கருங்கதான். கல்லைப் பார்க்க வந்தவரு நீங்க ஒருத்தர்தான் போல" என்று சிரித்தார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். போனால் பிரமாதமாகப் பார்க்க ஒன்றும் இல்லை. மகாபலிபுரம் மாதிரி ஐஸ்கிரீம் வண்டி எதிர்பார்க்காதீர்கள். ஆய்வு முடிந்ததும் குழியை மூடிவிடுவது தொல்லியல்காரர்களின் வழக்கம். மழையிலும் மாட்டுக் குளம்பிலும் சிதையாமல் இருக்க அதுதான் வழி. அதனால் நீங்கள் பார்ப்பது மண்தான். ஆனால் என்ன மண் என்று தெரிந்துகொண்டு பாருங்கள், கால் வைக்கவே கூச்சமாக இருக்கும்.

கல்லைக் கல்லால் தட்டுவார்கள். ஒரு சில்லு தெறிக்கும். சரியான கோணத்தில் தட்டினால் கூர்மையான விளிம்பு. கோணம் தவறினால் பாழ். தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த கல். இந்த மாதிரிக் கருவி செய்த இடங்களில் முழுசான கருவியைவிடச் சில்லுகளும் அரைகுறைகளும்தான் அதிகம் கிடைக்குமாம். முழுசானதை வேட்டைக்கு எடுத்துப் போய்விடுவான் அல்லவா? மிஞ்சுவது ஸ்க்ராப். அந்த ஸ்க்ராப்பைத்தான் ஆய்வாளர்கள் எண் போட்டுப் பையில் வைக்கிறார்கள். எப்படிச் செய்தான், எங்கே தவறினான் என்பதை அதுதான் சொல்லும்.

என் எட்டு பஞ்சை நினைத்துக்கொண்டேன்.

இந்த வட்டாரத்துக்குக் கல் ராசி உண்டு. 1863 மே மாதம் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியல்காரர் ஒரு கைக்கோடாரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் ஆதிமனிதனைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பிள்ளையார் சுழி அதுதான். அதே வருஷம் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் கிடைத்தன. அங்கே உள்ள கருவிகள் 15 லட்சம் வருஷப் பழசு என்று 2011-ல் ஆய்வு சொன்னது. அதற்கு முன் நம் வடக்குப்பட்டு டூல் ரூம் நேற்று ஆரம்பித்த சின்னக் கம்பெனி!

ஆனால் வடக்குப்பட்டின் விசேஷம் வேறு. ஒரே ஊரில் பல காலம். கற்கருவியோடு சங்க காலத்துப் பொருட்களும் கிடைத்தன. கண்ணாடி மணிகள், ரோமானிய ஆம்போரா ஜாடியின் ஓடுகள். ஆம்போரா என்பது இரண்டு கைப்பிடி வைத்த நீளமான ஜாடி. ஒயினும் ஆலிவ் எண்ணெயும் அதில்தான் கப்பலேறும். கார் ஏற்றுமதி செய்கிற இந்த வட்டாரம், இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே இறக்குமதி செய்திருக்கிறது! முற்காலப் பல்லவர் சிற்பங்களும் இங்கே உண்டு.

எல்லாவற்றையும் பெரியவரிடம் உற்சாகமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்:

"கம்பெனி கட்டறதுக்கு அஸ்திவாரம் எத்தனை அடி தோண்டுவாங்க தம்பி?"

எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. தொல்லியல்காரர் கரண்டியால் அங்குலம் அங்குலமாகச் சுரண்டி, பிரஷ்ஷால் தட்டி, படம் எடுத்து, எழுதி வைத்து இறங்குகிறார். அவர் ஒரு சீஸனில் தோண்டுவதை ஜே.சி.பி. டீ குடிக்கிற நேரத்தில் அள்ளி லாரியில் போட்டுவிடும். எந்த அடுக்கில் எது இருந்தது என்பது அதோடு போச்சு. அடுக்கு கலைந்த கல், வெறும் கல்தான்.

"அப்படின்னா இந்தப் பக்கம் கம்பெனியே வரக்கூடாதுங்கறீங்களா ஐயா?"

"அது எப்படிச் சொல்ல முடியும்? என் பையனே கம்பெனிக்குத்தான் போறான். ஏர் ஓட்ட வாடான்னா வருவானா?" சற்று நேரம் வயலைப் பார்த்தார். "தோண்டறதுக்கு முன்னாடி ஒருதரம் பார்த்துட்டுத் தோண்டலாமில்ல?"

என் சம்பளமும் ஒரு தகரக் கூரைக்குக் கீழேயிருந்துதான் வருகிறது. அந்தக் கூரை போடுவதற்கு முன் அங்கே யாராவது குனிந்து பார்த்தார்களா? தெரியாது. இனி வருகிற கூரைகளுக்காவது பார்க்கலாமே! ஒரு காருக்கே நூறு இடத்தில் இன்ஸ்பெக்‌ஷன் வைக்கிறோம். நிலத்துக்கு ஒரு இன்ஸ்பெக்‌ஷன் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஞாபகார்த்தமாகக் கல்லை எடுத்துப் பாக்கெட்டில் போடாதீர்கள். உங்கள் வீட்டு ஷோகேஸில் அது ஊமையாகிவிடும்.

திங்கட்கிழமை விளக்கக் கடிதத்தோடு நின்றேன். சூப்பர்வைசர் படித்துவிட்டு அந்த எட்டு பஞ்சையும் ஸ்க்ராப் தொட்டியில் போடச் சொன்னார். சும்மா இருக்க முடியவில்லை.

"சார், 12,000 வருஷம் கழிச்சு இதுக்கெல்லாம் மதிப்பு வரும்."

அவர் தலை நிமிரவில்லை. "அப்படியா? அதுவரைக்கும் உன் சம்பளத்தை நிறுத்தி வைக்கட்டுமா?"