களத்தில் கற்ற கும்மி

பவானி ஆற்றை ஒட்டிய எங்கள் ஊரில், திருவிழா நெருங்கும் நாட்களில் இரவு உணவு முடிந்ததும் கோயில் மைதானத்தில் சலங்கை ஒலி கேட்கத் தொடங்கும். அது வள்ளி ஒயில் கும்மியின் பயிற்சி. ஆடுபவர்கள் அனைவரும் ஆண்கள். வாத்தியார் ஓரடி பாடுவார். ஆடுபவர்கள் அதை வாங்கிப் பாடியபடி குனிந்தும் நிமிர்ந்தும் கைகொட்டிச் சுற்றி வருவார்கள். அக்காள் தங்கையான நாங்கள் இருவரும் அம்மிச்சியின் இருபுறமும் அமர்ந்து, தொலைவிலிருந்து பார்த்திருப்போம். பெண்கள் பார்க்கலாம், வட்டத்துக்குள் இறங்கலாகாது என்பது அக்காலத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லாத விதியாக இருந்தது.

ஆனால் அம்மிச்சிக்கு அத்தனை பாட்டும் மனப்பாடம். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் நம்பிராசன் குழந்தையைக் கண்டெடுப்பது, தினைப்புனத்தில் அவள் கவண் வீசிக் கிளி விரட்டுவது, முருகன் வேடனாகவும் வேங்கை மரமாகவும் கிழவனாகவும் வந்து நிற்பது, அண்ணன் விநாயகன் யானையாய் வந்து அவளை அச்சுறுத்துவது என்று கதை முழுவதையும் வரிசை பிசகாமல் பாடுவாள். ஏடு பார்த்துக் கற்றதல்ல. ஆண்டுதோறும் இருட்டில் அமர்ந்து காதால் சேர்த்தது.

கடலைக்காய் காயவைத்த களத்தில், ஆண்கள் காட்டுக்குப் போன பொழுதுகளில், அவள் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தாள். நாங்கள் அடிகளை எண்ணிக் கால் மாற்றித் தடுமாறுவோம். "எண்ணாதீங்க கண்ணு. பாட்டக் காதுல வாங்குனீங்கன்னா காலு தானாப் போகும்" என்பாள். பல நாள் சென்ற பின்னரே அது மெய்யென்று விளங்கியது. இந்த ஆட்டத்தில் உடம்புக்கு முன்னால் செவிதான் பழகுகிறது.

பின்னாளில் சிலப்பதிகாரத்தை வாசித்தபோது எங்களுக்கு வியப்பு ஒன்று காத்திருந்தது. வஞ்சிக் காண்டத்தின் குன்றக் குரவையில், முருகனுக்காகக் கைகோத்து ஆடுபவர்கள் குறவர் குலத்துப் பெண்கள். அன்று பெண்கள் ஆடிய இடத்தில், இன்று வள்ளியின் கதையைப் பெண்கள் ஆடலாகாது என்ற வழக்கம் எப்படி வந்து அமர்ந்தது என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

அந்த வழக்கம் எங்கள் காலத்திலேயே தளர்ந்தது. கோவை மாவட்டத்தைச் சேர்ந்த வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்திரப்பனுக்கு 2024ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 87. ஆண்களுக்கே உரியதாக இருந்த இந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் கற்பித்தவர் அவர். இப்போது கொங்கு ஊர்களில் ஒரே நிறச் சேலையுடுத்திப் பெண்கள் திரளாக ஆடும் அரங்கேற்றங்கள் நிகழ்கின்றன. எங்கள் மகள்களும் சலங்கை கட்டினார்கள். செய்தியைச் சொன்னபோது அம்மிச்சி கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

இத்துடன் முடித்திருந்தால் இது மகிழ்ச்சியான கதை. ஆனால் மறைக்கலாகாத ஒன்று உண்டு.

மகள்கள் தங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியையும் பயிற்சிக்கு அழைத்துச் செல்ல விரும்பினார்கள். அவள் ஊரின் மறுகோடியில், காலனியில் இருப்பவள். பயிற்சியை நடத்தியவர்கள் மறுக்கவில்லை. ஊரார் என்ன சொல்வார்களோ என்று மட்டும் இழுத்தார்கள். அந்த இழுப்பின் பொருள் எங்களுக்குத் தெரியும். சில அரங்கேற்றங்களில் சொந்தச் சாதிக்குள்ளேயே மணம் முடிப்போம் என்று பெண்களிடம் உறுதிமொழி வாங்குவதாகச் செய்திகளும் வந்திருந்தன. குறவர் வீட்டில் வளர்ந்தவளைத் தேடி வந்து ஒரு தெய்வம் மணம் செய்துகொண்ட கதையை ஆடிவிட்டு, அப்படியோர் உறுதிமொழி! இவ்வளவும் அறிந்திருந்தும் நாங்கள் வாதிடவில்லை. ஊரோடு பகை வேண்டாமென்று திரும்பி வந்தோம்.

வீட்டில் விவரம் கேட்ட அம்மிச்சி சிறிது நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "வள்ளி யாரூட்டுப் புள்ளைன்னு பாட்டுலயே இருக்குதல்லோ. அந்தப் புள்ளையக் களத்துக்குக் கூட்டியாங்க" என்றாள்.

அந்தச் சிறுமி வந்தாள். எழுந்து நிற்க முடியாத அம்மிச்சி கயிற்றுக் கட்டிலில் அமர்ந்தபடியே பாடிக் கைகொட்டினாள். மூன்று பெண்களும் களத்தில் ஆடினார்கள். நாங்கள் எண்ணித் தடுமாறிய அதே இடத்தில் அவளும் தடுமாறினாள். எங்களுக்குச் சொன்னதையே அம்மிச்சி அவளுக்கும் சொன்னாள்.

அரங்கேற்ற நாளில் எங்கள் மகள்கள் வட்டத்தில் நின்றார்கள், அவள் நிற்கவில்லை. எங்கள் அம்மிச்சி அமர்ந்திருந்த அதே ஓரத்தில் அமர்ந்து, வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தாள். கலையை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிட்டோம் என்று மேடையில் ஒருவர் பெருமிதத்துடன் பேசினார். நாங்கள் தலை குனிந்திருந்தோம். பாட்டை மட்டுமல்ல, அந்த ஓரத்தையும் அல்லவா கொடுத்திருக்கிறோம்.

அடுத்த திருவிழாவுக்கான பயிற்சி தொடங்கும்போது மூவரையும் நாங்களே அழைத்துச் செல்வதென்று முடிவு செய்திருக்கிறோம். இம்முறை மறுமொழி வரும்வரை திரும்புவதாக இல்லை.