பிளக் கறுத்தால் யார் குற்றம்?

மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் என்ற திமிரில் நான் செய்த ஒரு காரியத்தை எழுதுகிறேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

திருவொற்றியூர் ஹைரோடு பக்கம் சித்தப்பாவின் ஒர்க்‌ஷாப். 1955இல் தொடங்கிய என்ஃபீல்ட் இந்தியா கம்பெனி புல்லட் செய்த ஊர் இது. பழைய புல்லட் எங்களுக்கு வீட்டு மாடு மாதிரி.

காசிமேட்டில் மீன் எடுத்து மீஞ்சூர் வரை விற்கிற அண்ணன் ஒருவர், ஸ்டார்ட் ஆகாத புல்லட்டைத் தள்ளி வந்தார். பிளக் முழுக்கக் கரி. சித்தப்பா இல்லை. எனக்குத்தான் பாடம் தெரியுமே! பிளக் முனை சுமார் 500 டிகிரியைத் தொட்டால் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு மெதுவாக இறங்கும்; முனை சூடாகவே நிற்கும். அதுதான் ஹாட் பிளக். வாங்கி வந்து, 0.6 மி.மீ. கேப் வைத்து மாட்டினேன். ஒரே கிக்! அண்ணன் டீக்காசு வேறு கொடுத்தார்.

நான்காம் நாள் மறுபடி தள்ளிக்கொண்டு வந்தார். கூடையிலிருந்து ஐஸ் உருகி ஒழுகுகிறது. பிஸ்டன் தலையில் ஓட்டை.

சித்தப்பா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "கறுப்பா இருந்தா பிளக் மேல குத்தமாடா? காப்ரேட்டர பாத்தியா?" என்றார். கன்டெய்னர் லாரி நெரிசலில் நின்று நின்று ஓடும்போது பெட்ரோல் கூடுதலாகப் போய்ப் படிந்த கரி அது. லோடோடு எண்ணூர் வெயிலில் விரட்டியபோது முனை 900 டிகிரியைத் தாண்டி, ஸ்பார்க் வருமுன்பே பற்றவைத்துவிட்டது.

அன்று ராத்திரி ஹெட்டைக் கவிழ்த்துக் காட்டினார். இரண்டு வால்வும் மேலே இடத்தைப் பிடித்துக்கொள்ள, பிளக் ஓரத்தில். போர் 70 மி.மீ. நெருப்பு இந்த ஓரத்தில் பிறந்து அந்த ஓரம் போகவேண்டும். அதற்குள் மிச்சக் கலவை நசுங்கிச் சூடேறித் தானே வெடித்தால் நாக்கிங். 2003இல் பஜாஜ் பல்சருக்கு இரண்டு பிளக் வைத்தது இந்தத் தூரத்தைக் குறைக்கத்தான். பிறகு ராயல் என்ஃபீல்டும் ட்வின்ஸ்பார்க் செய்தது. 2020இல் மீட்டியோரில் திரும்ப ஒரே பிளக்! அறையின் வடிவம் சரியாக அமைந்தால் ஒன்றே போதும் என்கிறார் சித்தப்பா. நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

அண்ணனுக்கு ஆறு நாள் வியாபாரம் போச்சு. பிஸ்டனும் போரிங் கூலியும் சித்தப்பா தலையில். அது என் செமஸ்டர் ஃபீசுக்கு எடுத்து வைத்த பணம் என்று பிற்பாடு அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

இப்போதும் அந்த அண்ணன்தான் வருகிறார். என்னைப் பார்த்தால், "தம்பி, நீ செயினுக்கு ஆயில் மட்டும் போடு. பிளக்க சித்தப்பா கழட்டட்டும்" என்கிறார்.