காத்திருந்தவர்களின் பட்டியல்

தம்பி, செம்பூரில் கார் ஷோரூமில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னாய். ரொம்ப சந்தோஷம். கார்களுக்கு அடியில் படுத்தே காலத்தைக் கழித்த மெக்கானிக் நான். விற்பனையைப் பற்றி எனக்கு ஒன்றுதான் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள நிறைய இழந்தேன்.

1971-இல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தபோது எனக்கு வயது பதினான்கு. மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் அருகே ஒரு கேரேஜில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்தேன். வந்து நின்றவற்றில் பெரும்பாலும் ஃபியட் வண்டிகள். வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், பக்கத்துக் குர்லாவில் அவற்றைச் செய்தது. 1974 முதல் அந்தக் காருக்கே பிரீமியர் பத்மினி என்று பெயர். 1089 சிசி இன்ஜின், ஸ்டீயரிங்கை ஒட்டிய கியர். இன்று கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரித்து மாட்டுவேன்.

அந்தக் காலத்தில் எத்தனை கார் செய்யலாம் என்பதை அரசாங்க லைசென்ஸ்தான் தீர்மானித்தது. பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மகன் பள்ளியில் சேர்ந்தபோது பதிந்த கார், அவன் கல்லூரிக்குப் போகும்போது வந்தது என்று சொன்ன வாடிக்கையாளர்கள் உண்டு. யாரும் சத்தம் போடவில்லை. அந்த அமைதியை விற்றவர்கள் விசுவாசம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். 1984-இல் சொந்தக் கேரேஜ் போட்டபோது மும்பை டாக்சி என்றாலே பத்மினிதான். கார்புரேட்டரில் என் கை நல்ல கை என்று பெயர். வாசலில் எப்போதும் ஆறேழு டாக்சி நிற்கும். "நாளைக்கு வா" என்பேன். மறுநாளும் அதையே சொல்வேன். வண்டி ஓடாத நாளிலும் டிரைவர் முதலாளிக்கு வாடகை கட்டியாக வேண்டும், வீட்டுக்கு அரிசி வாங்க வேண்டும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நிறுத்தி வைத்தேன். வரிசை நீண்டிருப்பதைப் பார்க்க அவ்வளவு பெருமை.

டெல்லியை அடுத்த குர்கானில் 1983-இல் மாருதி 800 வெளிவந்தபோதே, காத்திருப்பது விசுவாசம் இல்லை என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. 2001-க்குப் பிறகு பழைய டாக்சிகள் நீதிமன்ற உத்தரவால் சிஎன்ஜிக்கு மாறின. புது மாடல்களும் வரத் தொடங்கின. ஒரே வருஷத்தில் என் வாசல் காலியானது. பதினைந்து வருஷம் என்னிடம் வந்த நம்மூர் டிரைவர் ஒருவரைச் சயானில் பார்த்து, ஏன் வருவதில்லை என்று கேட்டேன்.

"அண்ணே, உங்க கைக்காக வந்தேன். ஆனா அப்ப போறதுக்கு வேற இடமும் இல்லையே" என்றார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவனிடம் போய் சிஎன்ஜி கிட் மாட்டக் கற்றுக்கொண்டேன். அதைவிடக் கஷ்டப்பட்டுக் கற்றது இன்னொன்று: சாயங்காலத்துக்குள் முடியாது என்றால் காலையிலேயே சொல்வது, அவசரம் என்றால் பக்கத்துக் கேரேஜுக்கு நானே அனுப்புவது. அப்படி அனுப்பிய சிலர் திரும்பி வந்தார்கள். எல்லோரும் வரவில்லை.

2023 அக்டோபரில் கடைசிப் பத்மினி டாக்சிக்கு இருபது வருஷ வயது வரம்பு முடிந்தது. ஊரே உருகியது. எனக்கும் கண் கலங்கியது. அதைச் செய்த குர்லா ஆலை அதற்கு வெகு காலம் முன்பே ஓய்ந்துவிட்டது.

இன்றும் சில எஸ்யூவிகளுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். உன் மேஜையிலும் அப்படி ஒரு பட்டியல் இருக்கும். அதில் இருப்பவர் வங்கிக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பார். பெண்ணின் கல்யாணத்துக்குள் வண்டி வந்துவிடும் என்று வீட்டில் சொல்லியிருப்பார். நாளைக் காலை முதல் வேலையாக ஒவ்வொருவருக்கும் போன் போடு. வண்டி எந்தத் தேதியில் வரும் என்று உனக்குத் தெரிந்த உண்மையைச் சொல். தள்ளிப்போகும் என்றால் அதையும் அவர் கேட்பதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு.