புள்ளி விலகிய கோலம்

வார்ப்புரு என்ற சொல்லின்மீது எனக்குப் பகை ஒன்றுமில்லை. 'டெம்ப்ளேட்' என்பதற்கு ஈடாகக் கணித்தமிழ் அன்பர்கள் அதை நிலைபெறச் செய்துவிட்டனர். ஆனால் வேதியியலில் ஓரிடத்தில் அது பொருந்தாமல் நிற்கிறது. வேதியியல் முதுகலை பயிலும் என் பழைய மாணவர் ஒருவர், ஆயக்குடிப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழில் உரையாற்ற வேண்டிச் சொல் தேடி வந்திருந்தார். "வார்ப்பு அச்சு வெளியே நிக்குங்க ஐயா, இது நடுவுல நிக்குது" என்றார்.

இரண்டு மூலக்கூறு வளையங்கள் சங்கிலிக் கண்ணிகள்போல் ஒன்றினுள் ஒன்று கோத்துக் கிடக்கின்றன. அவற்றுக்கிடையே வேதிப்பிணைப்பு இல்லை. ஆயினும் ஒன்றை அறுக்காமல் மற்றதை எடுக்கவியலாது. கேட்டினேன் என்பது இதன் பெயர். வளையத்தினுள் ஓர் அச்சு நுழைந்து, கழன்றுவிடாதபடி இரு முனைகளும் பருத்திருந்தால் ரோட்டாக்ஸேன். காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலின் கற்சங்கிலியைச் சிற்பி ஒரே கல்லிலிருந்து குடைந்தெடுத்தான். குடுவைக்குள் உளி செல்லாது. 1960-இல் வாசர்மன் தற்செயலை நம்பினார். ஒரு வளையம் மூடும்போது மற்றொன்றினுள் நுழைந்திருந்தால் உண்டு. கிடைத்தது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 1983-இல் பிரான்சின் சோவாஜ் செம்பு அயனியை நடுவில் வைத்து இழைகளைக் குறுக்காகப் பிடித்து நிறுத்தினார். 2016-இல் ஸ்டாடர்ட், ஃபெரிங்கா ஆகியோருடன் நோபெல் பரிசு பெற்றார்.

செம்பு நேர்மின் அயனி. எதிர்மின் அயனி அவ்வளவு எளிதில் பணியாது. உருவில் பெரிது, கரைப்பான் மூலக்கூறுகளையும் இழுத்துப் போர்த்திக்கொள்ளும். 1999-இல் ஜெர்மனியின் ஃபோக்ட்லே பயன்படுத்திய ஃபீனோலேட், அச்சின் உறுப்பாகவே நின்றுவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் பால் பியர் குழுவினர் 2002-இல் வெறும் குளோரைடை, நம் சமையலுப்பில் பாதியை, நடுவில் வைத்தனர். அச்சும், இன்னும் வளையமாகாத இழையும் தத்தம் ஹைட்ரஜன்களால் இருபுறமிருந்தும் அதைப் பற்றின. பற்றிய நிலையிலேயே இழையின் முனைகள் இணைக்கப்பட்டன. 2004-இல் அதே வழியில் கேட்டினேனும் வந்தது.

சிக்குக் கோலத்தில் இழை புள்ளியைத் தொடாது. அதைச் சுற்றி வளைந்து, தன்னையே கடந்து, புறப்பட்ட இடம் சேரும். ஆகவே 'புள்ளி அயனி' என்றே சொல்லலாம் என்றேன். மார்கழி வாசல் அறிந்த பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம். வேறுபாடு ஒன்றுண்டு. கோலத்தில் புள்ளி தங்கிவிடும். இங்கே வெள்ளி உப்பைச் சேர்த்தால் குளோரைடு வெண்ணிற வீழ்படிவாய் வெளியேறிவிடுகிறது. எஞ்சிய வெற்றிடமோ அதன் அளவை மறப்பதில்லை. அசிடேட்டும் பாஸ்பேட்டும் வந்தாலும் அவற்றைவிடக் குளோரைடையே இறுகப் பற்றுகிறது. தனித்து நிற்கும் அச்சுக்கு இந்தத் தேர்ச்சி கிடையாது. எனக்கு இச்செய்தியில் பிடித்த இடம் இதுதான்.

கொல்கத்தாவில், ராமன் பணியாற்றிய அதே அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில், பிரத்யுத் கோஷ் குழுவினர் இத்துறையில் ஆய்ந்திருக்கின்றனர். எங்கள் பக்கத்துக்கும் இது தொலைவுச் செய்தியன்று. திண்டுக்கல்லைச் சுற்றித் தோல் பதனிடுதலின் உப்பு நிலத்தடி நீரில் இறங்கிய கதை நீண்டது. என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊரில் தோட்டத்துக் கிணறு உப்பேறித் தென்னைகள் கருகின. மாவட்டத்தின் சில பகுதிகளில் ஃபுளோரைடும் மிகுதி. இரண்டும் எதிர்மின் அயனிகளே.

ஆனால் பியரின் முதல் மூலக்கூறுகள் கரிமக் கரைப்பான்களில் வேலை செய்தவை. தண்ணீரில் விட்டால் தண்ணீரே அயனியைப் பறித்துக்கொள்ளும். 2014-இல் அக்குழு, அயோடின் அணுக்களைப் பொருத்திய ரோட்டாக்ஸேன் ஒன்றால் தண்ணீரிலேயே அயோடைடைப் பற்றிக் காட்டியது. அது ஆய்வுக்கூடத்துத் தூய நீர். தங்கை வீட்டுக் கிணற்றிலோ குளோரைடும் சல்பேட்டும் பைகார்பனேட்டும் கலந்தே கிடக்கின்றன.